‘அங்கிள்’ என்றால் தாய்மாமன்: ‘அவங்குலர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் உறவுக் கதை

2025 ஆகஸ்ட் 21. மதுரை பாரபத்தியில் நடந்த தமிழக வெற்றிக் கழகத்தின் இரண்டாவது மாநில மாநாட்டில், கட்சித் தலைவர் விஜய், முதலமைச்சர் மு.க.ஸ்டாலினை ‘அங்கிள்’ என்று அழைத்தார். கூட்டத்தில் விசில் பறந்தது. ‘முதல்வரை இப்படியா பேசுவது?’ என்று திமுக தரப்பு கொதித்தது. அடுத்த சில நாட்களுக்கு மீம்ஸ், விவாத மேடை, டீக்கடை என எல்லா இடத்திலும் அதே பேச்சுதான்.

யோசித்துப் பார்த்தால் விசித்திரம்தான். அது கெட்ட வார்த்தை இல்லை. பக்கத்து வீட்டுக்காரரையும் அப்பாவின் நண்பரையும் குழந்தைகள் தினமும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அப்புறம் ஏன் அது கிண்டலாகக் கேட்டது?

இந்தக் கேள்விக்கான பதிலில் பாதி, அதிகம் புழங்காத ஓர் ஆங்கிலப் பெயரடைக்குள் இருக்கிறது. அந்தச் சொல் ‘அவங்குலர்’. மீதிப் பாதி ஆயக்குடி மாதிரி ஊர்களில் நடக்கும் காதுகுத்து விழாவில் இருக்கிறது.

‘அவங்குலர்’ என்றால் என்ன?

‘ஃபாதர்’ என்பதற்கு ‘பேட்டர்னல்’, ‘மதர்’ என்பதற்கு ‘மெட்டர்னல்’ என்ற பெயரடைகள் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். ‘அங்கிள்’ என்பதற்கும் அப்படி ஒரு பெயரடை உண்டு. அதுதான் ‘அவங்குலர்’. சரியாக உச்சரித்தால் ‘அவங்கியுலர்’ என்று வரும்.

அங்கிளைப் போன்ற, வயதில் சிறியவர்களிடம் அன்பும் அக்கறையும் கொண்ட, சிரித்த முகத்தோடு புத்தி சொல்கிற என்பதெல்லாம் இதன் பொருள். அமெரிக்காவில் ஒரு தலைமுறையே நம்பிக் கேட்ட தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் வால்ட்டர் குரோங்கைட்டை மக்கள் ‘அங்கிள் வால்ட்டர்’ என்றார்கள். அவரைப் பற்றி எழுதுபவர்கள் தவறாமல் கையில் எடுக்கும் பெயரடை இது.

போட்டித் தேர்வுக்கு ஆங்கிலம் படிப்பவர்களுக்கு இந்தச் சொல் ‘ஒரு வார்த்தையில் சொல்லவும்’ பகுதியில் எட்டிப் பார்க்கும். பழனிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆயக்குடி, கொய்யாவுக்கு எவ்வளவு பேர்போனதோ அவ்வளவு பேர், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் இளைஞர்கள் மத்தியில் இங்குள்ள இலவசப் பயிற்சி மையத்துக்கும் உண்டு. ‘மரத்தடி வகுப்பு’ என்று சொன்னாலே வெளி மாவட்டத்துக்காரர்களுக்கும் புரியும். அப்படிப் படிக்கிறவர்கள் இந்தச் சொல்லை நினைவில் வைக்க ஒரு தமிழ்க் குறுக்குவழி இருக்கிறது: ‘அவங்க அங்கிள் மாதிரி’. ‘அவங்க’ என்று தொடங்கி ‘அங்கிள்’ என்று பொருள் தருவதால் மறக்காது.

ஆனால் தேர்வில் ஒரு மதிப்பெண் வாங்கித் தருவதோடு இந்தச் சொல்லின் வேலை முடியவில்லை. இதன் வேரைத் தோண்டினால் வருவது வெறும் ‘அங்கிள்’ இல்லை. தாய்மாமன்!

லத்தீனில் நான்கு உறவு, நான்கு பெயர்

‘அங்கிள்’, ‘அவங்குலர்’ இரண்டுக்கும் தாய் வீடு ஒன்றுதான். ‘அவுங்குலஸ்’ என்ற லத்தீன் சொல். அதற்கு அம்மாவின் சகோதரன் என்று பொருள். அப்பாவின் சகோதரனை அந்தப் பெயரால் அழைக்க மாட்டார்கள். ‘அவுஸ்’ என்றால் தாத்தா. ‘அவுங்குலஸ்’ என்றால் ‘குட்டித் தாத்தா’. அம்மா வழித் தாத்தாவுக்கு அடுத்த இடத்தில் இருப்பவர் என்று இதற்கு விளக்கம் தருவதுண்டு.

ரோமானியர்கள் நம்மைப் போலவே உறவுகளைப் பிரித்துப் பெயர் வைத்திருந்தார்கள்.

- அப்பாவின் சகோதரன்: ‘பட்ருவுஸ்’. நம் ஊரில் பெரியப்பா, சித்தப்பா.
- அம்மாவின் சகோதரன்: ‘அவுங்குலஸ்’. நம் ஊரில் மாமா.
- அப்பாவின் சகோதரி: ‘அமிட்டா’. நம் ஊரில் அத்தை.
- அம்மாவின் சகோதரி: ‘மெட்டர்டெரா’. நம் ஊரில் பெரியம்மா, சித்தி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ‘பட்ருவுஸ்’ என்பது ‘பாட்டர்’, அதாவது அப்பா என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ‘மெட்டர்டெரா’ என்பது ‘மாட்டர்’, அதாவது அம்மா என்ற சொல்லிலிருந்து பிறந்தது. தமிழிலும் பெரியப்பா, சித்தப்பா இருவரும் ‘அப்பா’ வரிசை. பெரியம்மா, சின்னம்மா இருவரும் ‘அம்மா’ வரிசை. மாமாவும் அத்தையும் மட்டும் இரண்டு மொழியிலும் தனி வேர். கடல் கடந்து இருக்கும் இரண்டு மொழிகள் ஒரே கோட்டைக் கிழித்து உறவுகளைப் பிரித்திருக்கின்றன.

குணத்திலும் ஒற்றுமை இருந்தது. ரோமானிய இலக்கியத்தில் அப்பாவின் சகோதரன் என்றால் அதட்டி உருட்டும் ஆள். கண்டிப்புக்கே அவர் பெயரைச் சொல்வார்கள். அம்மாவின் சகோதரனோ செல்லம் கொடுப்பவர். ‘அவங்குலர்’ என்ற பெயரடையில் இன்றும் கோபமோ கண்டிப்போ இல்லாமல் கனிவு மட்டும் தங்கியிருப்பது தற்செயல் என்றாலும் பொருத்தமாகவே இருக்கிறது.

‘ஆன்ட்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? ‘அமிட்டா’விலிருந்து. அதாவது அத்தை! ஆக, ‘அங்கிள் - ஆன்ட்டி’ என்று ஜோடியாகச் சொல்லும்போது, வேரின்படி பார்த்தால் நாம் ‘மாமா - அத்தை’ என்றுதான் சொல்கிறோம். தமிழ் முறைப்படி அவர்கள் கணவன் மனைவியாகவும் இருக்கலாம். லத்தீன்காரர்களுக்கே தோன்றாத பொருத்தம் இது.

‘கசின்’ கதை இன்னும் சுவாரசியம். அதன் வேர்ச்சொல்லான ‘கொன்சொப்ரினுஸ்’ முதலில் குறித்தது அம்மாவின் சகோதரி பிள்ளையை. தமிழில் அவர்கள் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. முறைப்பெண், முறைப்பையன் வரிசைக்கு அவர்கள் வரவே மாட்டார்கள். இந்தியர்கள் ‘கசின் பிரதர்’ என்று சொல்வதை இலக்கணம் தெரிந்தவர்கள் கேலி செய்வதுண்டு. ஆனால் ‘கசின்’ என்ற சொல் தொலைத்துவிட்ட விவரத்தைத்தான் அந்த ‘பிரதர்’ ஒட்டுப் போட்டுச் சரி செய்கிறது.

ஆங்கிலம் இதையெல்லாம் தொலைத்தது எப்படி?

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இந்த விவரம் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் அம்மாவின் சகோதரன் ‘ஏயம்’, அப்பாவின் சகோதரன் ‘ஃபேடரா’. அம்மாவின் சகோதரிக்கும் அப்பாவின் சகோதரிக்கும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன.

1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனை, நீதிமன்றம், மேல்தட்டு வீடு எல்லாம் பிரெஞ்சு பேசின. ‘அங்கிள்’, ‘ஆன்ட்’ என்ற பிரெஞ்சு வழிச் சொற்கள் மதிப்பானவையாகத் தெரிந்தன. அடுத்த சில நூற்றாண்டுகளில் சொந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. வந்த சொற்களோ பிரெஞ்சிலேயே வலது, இடது பார்க்காமல் இரு பக்கத்தையும் குறிக்கத் தொடங்கியிருந்தன.

ஜெர்மனியிலும் இதே கதைதான். அங்கே தாய்மாமனுக்கு ‘ஓஹைம்’ என்ற தனிச் சொல் இருந்தது. பிறகு பிரெஞ்சு நாகரிகமாகத் தெரிந்த காலத்தில் ‘ஓங்கல்’, ‘டான்டெ’ என்ற சொற்கள் உள்ளே வந்தன. இன்று ‘ஓஹைம்’ பழைய புத்தகங்களில் மட்டும் பார்க்கக் கிடைக்கும் சொல்.

அதாவது, ஒரு மொழியில் உறவுச் சொல் சாவது, அது பயனில்லாமல் போனதால் மட்டும் இல்லை. பக்கத்தில் இன்னொரு மொழி ‘கெத்தாக’த் தெரியும்போதும் அது நடக்கிறது. தமிழ் வீடுகளில் ‘மாமா’வும் ‘சித்தப்பா’வும் ‘அங்கிள்’ ஆகிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு, இந்தக் கதை வெளியூர்க் கதையாகத் தெரியாது.

அடகுக்கடை ‘அங்கிள்’, ஜெயில் ‘மாமியார் வீடு’

உறவுச் சொல் என்றால் அதை வைத்து விளையாடாத மொழியே கிடையாது. லண்டன் தெருப் பேச்சில் ‘அங்கிள் வீட்டுக்குப் போயிருக்கு’ என்றால் பொருள் அடகுக்கடையில் இருக்கிறது என்று அர்த்தம். 1785-ல் ஃபிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியிலேயே இது பதிவாகியிருக்கிறது. கடிகாரத்தை அடகு வைத்தேன் என்று சொல்ல வெட்கம். மாமா வீட்டில் இருக்கிறது என்றால் கௌரவமாகப் போச்சு. இதனால் ‘அவங்குலர்’ என்ற பெயரடையையும் 19-ம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் அடகுக்காரரைக் குறிக்க நக்கலாகப் பயன்படுத்தினார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் இதே விஷயத்துக்கு ‘அத்தை வீடு’ என்றார்கள். நம் ஊரில் அடகுக்கடைக்கு அந்தப் பெருமை கிடைக்கவில்லை. ஆனால் ஜெயிலுக்குக் கிடைத்தது. ‘மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வந்துட்டான்’ என்றால் விளக்கம் தேவையே இல்லை.

மூன்று மொழியிலும் ஒரே தந்திரம். சொல்லக் கூச்சமான இடத்துக்கு, உரிமையோடு போய் வரக்கூடிய உறவின் பெயரை வைப்பது. இந்த விளையாட்டு புரிய வேண்டுமென்றால், அந்த உறவு வீட்டுக்கு என்ன மரியாதை, என்ன உரிமை என்பது கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘உறவினர் வீட்டுக்குப் போயிருக்கான்’ என்று சொல்லிப் பாருங்கள். ஒருத்தரும் சிரிக்க மாட்டார்கள்.

ஆயக்குடி காதுகுத்தில் மாமா என்ன செய்கிறார்?

ஆயக்குடி, பழனி வட்டாரத்தில் ஒரு குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும் என்றால், குலதெய்வக் கோயிலாக இருந்தாலும் பழனி அடிவாரமாக இருந்தாலும், முதல் கேள்வி ஒன்றுதான்: ‘மாமன் வந்தாச்சா?’

குழந்தை உட்காருவது தாய்மாமன் மடியில். கம்மலும் புதுத்துணியும் தட்டு வரிசையும் தாய்மாமன் சீர். பெண் குழந்தை வயதுக்கு வந்தால் சடங்கில் முதல் சீர் அவருடையது. கல்யாணத்தில் தாய்மாமன் மாலைக்குத் தனி இடம். மாமன் கோபித்துக்கொண்டு வரவில்லை என்றால் நல்ல நேரம் தள்ளிப் போகும்; பெரியவர்கள் போய் சமாதானம் பேசுவார்கள். தங்கச்சி வீட்டுச் சீருக்காகக் கடன் வாங்கும் மாமன்களும் உண்டு. அந்த உறவின் பாரமும் பெருமையும் சேர்ந்தே வருகிறது.

மானுடவியலில் இந்தத் தனி உறவுக்கு ஒரு பெயர் உண்டு. ‘அவங்குலேட்’. ‘அவங்குலர்’ வந்த அதே வேரிலிருந்து வந்த கலைச்சொல். பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராட்கிளிஃப் பிரௌன் 1924-ல் வெளியிட்ட கட்டுரையில், தென்னாப்பிரிக்கப் பகுதிச் சமூகங்களில் அப்பா பக்கம் கண்டிப்பாகவும், தாய்மாமன் செல்லம் கொடுப்பவராகவும் இருப்பதை விளக்கினார். மருமகன் மாமன் வீட்டில் எதையும் உரிமையோடு எடுத்துச் சாப்பிடலாம் என்பதைப் படிக்கும் தமிழருக்கு ‘இதுல என்ன ஆச்சரியம்?’ என்றுதான் தோன்றும்.

அதற்கும் முன்னால், 1871-ல், அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் உலக உறவுமுறைகள் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். அமெரிக்கப் பழங்குடிகளான இரோக்குவாய் மக்களும் தமிழர்களும் உறவுகளை ஒரே மாதிரிப் பிரிப்பதைக் கண்டு அவர் வியந்தார். அப்பாவின் சகோதரன் இன்னோர் அப்பா, அம்மாவின் சகோதரன் மட்டுமே மாமா. இது இரண்டு பக்கமும் பொது.

பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன், மதுரை வட்டாரத்தில் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்வு செய்தவர். ‘மாமா’ என்ற ஒரே சொல் தாய்மாமன், அத்தை கணவர், மாமனார் மூவரையும் குறிப்பது குழப்பம் இல்லை, அது திருமண முறையின் கணக்கு என்று 1953-ல் வெளியான கட்டுரையில் வாதிட்டார். யார் வீட்டில் பெண் எடுக்கலாம், யார் வீட்டில் எடுக்கக் கூடாது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

சொத்து, கல்யாணம் என்று வந்தால் சட்டம் என்ன சொல்கிறது?

‘சொல்லுதானே, எப்படிக் கூப்பிட்டால் என்ன?’ என்று கேட்கலாம். பத்திர அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் அப்படிச் சொல்ல முடியாது.

ஆயக்குடியில் ஒருவர் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு கொய்யாத் தோப்பு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இந்து, திருமணம் ஆகாதவர். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். பெற்றோர், உடன்பிறந்தோர் என்று நெருங்கிய வாரிசுகள் ஒருவரும் இல்லை. மிச்சம் இருப்பது ஒரு சித்தப்பாவும் ஒரு தாய்மாமனும் மட்டும். ஆங்கிலத்தில் சொன்னால் இரண்டு ‘அங்கிள்’. தோப்பு யாருக்கு?

1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் அட்டவணையில், இரண்டாம் வகுப்பு வாரிசுகள் வரிசை எண் போட்டுப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். அப்பாவின் சகோதரன், அப்பாவின் சகோதரி இருவரும் 7-வது வரிசை. அம்மாவின் சகோதரன், அம்மாவின் சகோதரி இருவரும் 9-வது வரிசை. முந்தைய வரிசையில் ஆள் இருந்தால் பிந்தைய வரிசைக்குப் பங்கு இல்லை. ஆகவே தோப்பு முழுவதும் சித்தப்பாவுக்கு. காதுகுத்தில் மடி கொடுத்த மாமாவுக்கு ஒரு கொய்யாக் கன்று கூட இல்லை.

இந்த அட்டவணையில் ‘அங்கிள்’, ‘ஆன்ட்’ என்ற சொற்களே கிடையாது. அவற்றை வைத்து எழுதினால் சட்டம் வேலை செய்யாது. அதனால் ‘தந்தையின் சகோதரன்’, ‘தாயின் சகோதரன்’ என்று நீட்டி எழுத வேண்டியிருந்தது.

திருமணச் சட்டத்தில் நிலைமை வேறு. 1955-ம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், தடை செய்யப்பட்ட உறவுகளின் பட்டியலில் ‘அங்கிள், நீஸ்’ என்று பொதுவாக எழுதிவிட்டது. அக்கா மகளும் அண்ணன் மகளும் இதில் ஒன்றுதான். ஆனால் இரு தரப்பின் வழக்காறும் அனுமதித்தால் தடை இல்லை என்ற விலக்கும் அதே சட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அக்கா மகளைத் தாய்மாமன் மணப்பது பல சமூகங்களில் வழக்கம். அண்ணன் மகளை மணப்பதை நினைத்தே பார்க்க மாட்டார்கள். அவள் மகள் முறை. சட்டத்தின் ஆங்கிலம் விட்ட இடைவெளியை ஊர் வழக்கின் தமிழ் நிரப்புகிறது.

இந்த வழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் உறவுக்குள் மணமானவர்கள். பிறக்கும் குழந்தைகளுக்கு மரபுவழி நோய்கள் வரும் வாய்ப்பு இதனால் கூடுகிறது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அந்த ஆலோசனையின்போது மருத்துவர் முதலில் கேட்பதும் ‘எந்த வழியில் சொந்தம்?’ என்பதைத்தான். ‘அங்கிள்’ என்று பதில் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: ‘அம்மா பக்கமா, அப்பா பக்கமா?’

கமலா ஹாரிஸ் ஏன் ‘சித்தி’ என்றார்?

2020 ஆகஸ்ட் மாதம், அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராகக் கமலா ஹாரிஸ் ஏற்புரை ஆற்றினார். குடும்பம் என்றால் யார் யார் என்று அடுக்கும்போது அங்கிள்கள், ஆன்ட்டிகள் என்று சொல்லிவிட்டு ‘சித்திகள்’ என்ற தமிழ்ச் சொல்லையும் சேர்த்தார். உலகம் முழுக்கத் தமிழர்கள் துள்ளிக் குதித்தார்கள். ‘சித்தி என்றால் என்ன?’ என்று மற்றவர்கள் தேடினார்கள்.

அவருடைய தாய் ஷியாமளா கோபாலன் தமிழர். அம்மாவின் தங்கைகளைச் சொல்ல ‘ஆன்ட்’ போதாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். வேரின்படி அது சரியும்கூட. ‘ஆன்ட்’ என்பது அத்தை அல்லவா?

ஆங்கிலத்தில் சித்திக்கு நேராக ஒரு பெயரடை இருந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ‘மெட்டர்டெரல்’. லத்தீன் ‘மெட்டர்டெரா’விலிருந்து வந்தது. வேரின்படி ‘சித்தி போன்ற’ என்று அர்த்தம். ‘அவங்குலர்’ அரிதான சொல் என்றால் இது அரிதிலும் அரிது. பெரிய அகராதிகளில் தேடினால்தான் கிடைக்கும். அதைச் சொன்னால் ஆங்கிலேயருக்கே புரியாது. ஒரு மொழி தன் உறவுச் சொல்லைத் தொலைத்தால் அது எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். நம் வீட்டுக் குழந்தை தினமும் சொல்லும் சொல், அங்கே அகராதிப் பிரியர்களின் விளையாட்டுப் பொருள்.

‘மாமா’ என்றால் ஓட்டு, ‘அங்கிள்’ என்றால் கேலியா?

இப்போது மதுரை மாநாட்டுக்குத் திரும்பி வருவோம்.

தமிழக அரசியல் உறவுச் சொற்களால் கட்டப்பட்ட வீடு. பெரியார் ‘தந்தை’. அண்ணாதுரை ஊருக்கே ‘அண்ணா’. தொண்டர்களுக்கு அவர் எழுதியது ‘தம்பி’க்குக் கடிதம். கருணாநிதிக்குத் தொண்டர்கள் ‘உடன்பிறப்பு’. ஜெயலலிதா ‘அம்மா’. விஜய் அவருடைய ரசிகர்களுக்கு ‘அண்ணா’. 2025 தொடக்கத்தில், இளைஞர்கள் தன்னை ‘அப்பா’ என்று அழைப்பது மகிழ்ச்சி தருவதாக ஸ்டாலினே சொன்னார். எதிர்க்கட்சிகள் அதை விமர்சித்தன.

அந்தப் பின்னணியில் ‘அங்கிள்’ வந்து விழுந்தது. அப்பா, அண்ணன், ஐயா எல்லாம் வீட்டுக்குள் இருக்கும் உறவு. ‘அங்கிள்’ வாசலுக்கு வெளியே நிற்கும் உறவு. வயது வித்தியாசத்தை மட்டும் சொல்லும். உரிமையையோ கடமையையோ சொல்லாது. ‘அப்பா’ என்ற இடத்தைக் கோரும் தலைவரைப் பார்த்து ‘அங்கிள்’ என்பது, ‘நீங்கள் எங்கள் வீட்டு ஆள் இல்லை, போன தலைமுறை’ என்று ஒரே சொல்லில் சொல்வது. ரசித்தவர்களுக்கும் கோபப்பட்டவர்களுக்கும் புரிந்தது ஒன்றேதான்.

மத்தியப் பிரதேசத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அங்கே நீண்டகாலம் முதலமைச்சராக இருந்த சிவராஜ் சிங் சௌஹானை மக்கள் அழைத்தது ‘மாமா’ என்று. பெண் குழந்தைகளுக்கான திட்டங்களோடு சேர்ந்து வளர்ந்த பெயர் அது. மருமகளுக்குச் சீர் செய்ய வேண்டிய கடமை தாய்மாமனுக்கு வடக்கேயும் உண்டு. அதனால் அந்தப் பட்டம் அவருக்கு ஓட்டாக மாறியது. ஆங்கில ஏடுகள் அதை ‘அங்கிள்’ என்று மொழிபெயர்த்தால் பாதி அர்த்தம் போய்விடும்.

மொழிபெயர்ப்பில் உறவு மாறுவது புதிதில்லை. நேருவை இந்தி பேசும் குழந்தைகள் ‘சாச்சா’ என்றார்கள். அது அப்பாவின் தம்பி, அதாவது சித்தப்பா. தமிழ்நாட்டுக்கு வந்ததும் அவர் ‘நேரு மாமா’ ஆகிவிட்டார். குழந்தைக்கு ரோஜாப்பூவும் மிட்டாயும் கொடுத்துச் செல்லம் கொஞ்சுபவர் தமிழ் மனத்துக்குச் சித்தப்பாவாகத் தெரியவில்லை. நிலாவையே ‘அம்புலிமாமா’ ஆக்கிய ஊர் ஆயிற்றே. 1947-ல் தொடங்கிய சிறுவர் பத்திரிகைக்கும் அதே பெயர்தான். ‘அவங்குலர்’ என்ற பெயரடையை ஆங்கிலேயர்கள் அகராதியில் வைத்திருக்கிறார்கள். தமிழர்கள் அதை வானத்தில் வைத்தார்கள்.

‘அங்கிள்’ மோசமான சொல்லா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. அதற்கு நியாயமான வேலை ஒன்று இருக்கிறது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ‘மாமா’, ‘மாப்ளே’ என்ற அழைப்புக்குள் பல நேரம் சாதியின் எல்லைக்கோடும் இருந்தது. யாரை முறை சொல்லிக் கூப்பிடலாம், யாரைக் கூப்பிடக் கூடாது என்பதை ஊர் தீர்மானித்தது. அதே வட்டாரங்களில் மதம் தாண்டியும் ‘மாமா, மாப்ளே’ என்று பழகுகிறவர்கள் உண்டு. ஆனால் எல்லோருக்கும் அந்த உரிமை கிடைக்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில், பேருந்தில், ஆஸ்பத்திரி வரிசையில் முன்பின் தெரியாதவரை மரியாதையாக அழைக்க, சாதியும் முறையும் கேட்காத ஒரு சொல் தேவைப்பட்டது. ‘அங்கிள்’ அந்த இடத்தை நிரப்பியது.

பிரச்சினை அந்தச் சொல் வெளியே இருக்கும்போது இல்லை. வீட்டுக்குள் வந்து உட்காரும்போதுதான். அப்பாவின் தம்பியும் அம்மாவின் அண்ணனும் குழந்தைக்கு ஒரே ‘அங்கிள்’ ஆகும்போது, இருவரில் யார் எதற்குப் பொறுப்பு என்பதும் சேர்ந்தே மங்குகிறது. ஒற்றைக் குழந்தையோடு நிறுத்திக்கொள்ளும் குடும்பங்கள் பெருகும் காலத்தில், அடுத்த தலைமுறையில் பலருக்கு மாமாவோ சித்தியோ இருக்கப் போவதே இல்லை. இருக்கிறவர்களையாவது அவரவர் பெயரில் கூப்பிட்டால்தான் அந்தச் சொற்கள் குழந்தைகளின் வாயில் தங்கும்.

ஆங்கிலம் தன் தாய்மாமனை மறக்கச் சில நூற்றாண்டுகள் ஆனது. ‘அவங்குலர்’ என்ற பெயரடை, மறந்த உறவின் கனிவை மட்டும் பாதுகாத்து வைத்திருக்கும் பழைய பெட்டி மாதிரி. பெட்டிக்குள் இருந்த ஆள் யார் என்பது அதைப் பயன்படுத்துகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

தமிழ் இன்னும் அந்த இடத்துக்குப் போகவில்லை. பேச்சில் எத்தனை ‘அங்கிள்’ புழங்கினாலும், காதுகுத்துப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கும்போது ‘தாய்மாமன்மார்கள்’ என்ற வரி தனியாகத்தான் வருகிறது. அதற்குக் கீழே ஒரு பெயர் விட்டுப்போனாலும் ஊருக்குள் பஞ்சாயத்து உறுதி. அந்தப் பஞ்சாயத்து நடக்கும் வரை ‘மாமா’வுக்கு ஆபத்தில்லை.